ஜீப் ஏறினாலே அடிவயிறு இறுகுகிறது

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 34 வயது. ஊர் கம்பம். தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறேன். செடியின் தூரில்தான் காய் பிடிக்கும். நாள் முழுக்கக் குனிந்த வேலை. ஒன்றுக்கு வந்தாலும் மறைவு கிடையாது. சாயங்காலம் வரை அடக்கிக்கொள்வோம்.

போன வருடம் சீசனில் மூன்றாம் மாதக் கரு கலைந்துவிட்டது. ஒன்பதாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். "தங்காததை நினைச்சு என்ன ஆகப்போகுது" என்றார் மாமியார். நானும் அழவில்லை. அப்புறம்தான் இது. ஜீப் ஏறினாலே அடிவயிறும் அதற்குக் கீழேயும் கல் மாதிரி இறுகுகிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலும் அப்படித்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டரம்மா பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே படுக்கவைத்து, வயிறு உப்பும்படி மூச்சை இழுக்கச் சொன்னார்கள். நாலாவது மூச்சில் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். வெட்கமாகிவிட்டது, மறுபடி போகவில்லை. துக்கம் இடுப்பில் போய் உட்காருமா அக்கா?

அன்புத் தங்கைக்கு,

மூட்டையில் காய் கட்டிவைத்த மாதிரி துக்கம் இடுப்பில் இருப்பதில்லை. ஆனால் பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம், பிள்ளையை நினைத்துப் பெத்த வயிறு எரிகிறது என்கிறோம். சும்மா வந்த பேச்சில்லை அது.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை, இழுத்துக் கட்டிய படுதா மாதிரி தசைகள் இருக்கின்றன. கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் தாங்குவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மிரட்டும் படக்காட்சிகளைப் பார்த்த பெண்களுக்கு இந்தத் தசைகளும் தோள்பட்டைத் தசையும் தானாகவே இறுகின. நீங்கள் சாயங்காலம் வரை மூத்திரத்தை அடக்குகிறீர்கள்; ஒரு வருடமாக அழுகையையும் அடக்கியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். இரண்டு அடக்கலும் அந்தப் படுதாவை இறுக்கியிருக்கலாம்.

மூச்சு உள்ளே போகும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற மூச்சுத் தசையோடு சேர்ந்து இந்தத் தசையும் கீழே இறங்கித் தளரும். பிடி தளர்ந்த நேரத்தில் அழுகை வருவது பலருக்கும் நடப்பதுதான். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை.

1930களில் வில்ஹெல்ம் ரைஹ் என்ற மருத்துவர் உணர்ச்சியை அடக்கும் இறுக்கத்தைத் 'தசைக் கவசம்' என்றார். பின்னாளில் அவர் சொன்ன பலவற்றை அறிவியல் ஏற்கவில்லை. உடல்வழிச் சிகிச்சை என்ற பெயரில் இன்று என்னென்னவோ நடக்கிறது. "அமுக்கித் துக்கத்தை வெளியே எடுக்கிறேன்" என்பவரிடம் போகாதீர்கள். முறையாகப் படித்த பெண் பிசியோதெரபிஸ்ட் போதும். உங்களைக் கேட்காமல் அவரும் தொடக்கூடாது. வேண்டாம் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னொன்று: பிரசவமான பெண்களுக்குச் சொல்லும், இறுக்கிப் பிடித்து விடும் கீகல் பயிற்சியை யாராவது சொன்னால் இப்போது வேண்டாம். உங்கள் தசைக்கு முதலில் விடத்தான் தெரிய வேண்டும்.

மாதவிலக்கில் வலி கூடினாலோ, மூத்திரம் போகும்போது எரிந்தாலோ டாக்டரம்மாவை மறுபடி பாருங்கள். இரவில் மனம் தாங்காவிட்டால் 14416க்குக் கூப்பிடுங்கள்; டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மாமியார் சொன்னதற்கு ஒன்று சொல்லட்டுமா? தங்காவிட்டாலும் மூன்று மாதம் உங்களோடு இருந்ததுதானே. வீட்டுக்காரரிடம் அதைப் பற்றி ஒருநாளாவது பேசினீர்களா? அவரும் அழாமல் இருக்கலாம்.

பிசியோதெரபிக்குத் திரும்பப் போங்கள். படுப்பதற்கு முன்பே, "அழுகை வந்தால் கொஞ்சம் நிறுத்துங்கள், எழுந்து உட்கார விடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். போகும்போது ஒரு துண்டு கொண்டுபோங்கள்.