பாதியில் நிற்கும் பெட்ரோல் முள்: மீட்டரை மாற்றும் முன்

வணக்கம் நண்பரே. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்றியதிலிருந்து, டேங்கை நிரப்பினாலும் முள் பாதியைத் தாண்டுவதில்லை, மெக்கானிக் மீட்டரை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதுவரை ஒழுங்காக இருந்த மீட்டர், பம்ப் மாற்றிய அன்று பார்த்தா கெடும்?

என் சந்தேகமெல்லாம் மிதவைக் கம்பியின் மேல்தான். பம்போடு சேர்ந்திருக்கும் மிதவை பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும், அதன் கம்பி அசைவதை சென்சார் அளந்து முள்ளுக்குச் சொல்லும். பம்பை நேராக உருவினால் அந்தக் கம்பி டேங்கின் துவாரத்தின் விளிம்பில் இடித்து வளைந்துவிடும். சாய்த்துத்தான் எடுக்க வேண்டும், சாய்த்துத்தான் இறக்க வேண்டும். பம்பைச் சற்றே திருப்பிப் பொருத்தியிருந்தாலும் மிதவை குழாயிலோ டேங்கின் சுவரிலோ முட்டி நின்றுவிடும். பம்பின் மூடியிலும் டேங்கிலும் உள்ள குறிகள் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பம்பை வெளியே எடுத்தபின், சென்சாரின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மிதவையை மெதுவாகத் தூக்குங்கள். ஓம் அளவு சீராக மாற வேண்டும். நடுவில் திடீரென்று அறுந்தால் உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது, சென்சாரை மாற்றுங்கள். வெளியே சீராக மாறி, உள்ளே வைத்ததும் பாதியில் நின்றால் முட்டல்தான்.

டேங்கைத் திறக்கும் முன் பம்பின் பியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். குழாயின் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மூடிய ஷெட்டில் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து எட்ட இருக்கும் நெருப்பையும் தொட்டுவிடும். பம்பின் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். பழையது பெட்ரோலில் ஊறி உப்பி, காடிக்குள் உட்கார மறுக்கும்.