தாய்மாரை முன்னே அழைக்கும் ஞாயிறு

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள் நான். ஆண்டுதோறும் மே மாதம் இரண்டாம் ஞாயிறன்று எங்கள் ஆலயத்தில் தாய்மாரை முன்னே அழைத்து, குருவானவர் ஜெபித்து ஆசீர்வதிப்பார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பூக் கொடுப்பார்கள். என் குழந்தை எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்தது. இந்த ஆண்டு நான் எழுந்தபோது, பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்து, "பிள்ளை இருக்கிறவங்கதான் போகணும், நீ உட்காரும்மா" என்றார். அவர் கெட்டவர் அல்லர். ஆனாலும் இந்த வழக்கத்தையே நிறுத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம் என்றே நினைக்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டியதும் இல்லை. உங்களைத் தடுத்த விதி சபையின் பழைய வழிபாட்டு முறையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அது பிற்பாடு பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

அன்னையர் தினமாகிய இந்த மே மாத ஞாயிறு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1905இல் மறைந்த தம் தாயின் நினைவாக, 1908 மே 10 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்ற ஊரின் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஓர் ஆராதனை நடக்க ஆனா ஜார்விஸ் என்ற பெண் ஏற்பாடு செய்து, வருவோருக்குக் கொடுப்பதற்காக 500 வெள்ளைக் கார்னேஷன் மலர்களை அனுப்பிவைத்தார். 1914இல் அதிபர் உட்ரோ வில்சன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். யாருடைய நினைவாக அந்த நாள் தொடங்கியதோ அந்தத் தாய், பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்று, நால்வரை மட்டுமே வளர்ந்து ஆளாகக் கண்டவர். சிசு மரணத்தைத் தடுப்பதற்காகவே ஊர்ப் பெண்களைக் கூட்டிச் சுகாதாரச் சங்கங்கள் நடத்தியவர். அந்த நாளை ஏற்படுத்திய மகளோ திருமணமே செய்துகொள்ளாதவர். உங்கள் ஆலயத்துக்கு அவர் வந்திருந்தால் அவரையும் உட்காரத்தான் சொல்லியிருப்பார்கள்!

அதைவிடப் பழைய முறை ஒன்று உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. சி.எஸ்.ஐ.யில் இணைந்த சபைகளுள் ஒன்றான ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துச்) சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில், பிரசவித்த பெண் ஆலயத்துக்கு வந்து செலுத்த வேண்டிய ஸ்தோத்திர ஆராதனை ஒன்று உண்டு. அதைத் தீட்டுக் கழிக்கும் சடங்கு என்று சொல்லிக் கண்டித்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள். ஆனால் அதன் வாசகங்களைப் படித்தால், பிரசவத்தின் பெரும் ஆபத்திலிருந்து இந்தப் பெண்ணைக் காத்தருளினீரே என்று கடவுளுக்கு நன்றி சொல்வதே அதன் சாரம் என்பது விளங்கும். "மரணக்கட்டுகள் என்னைச் சுற்றிக்கொண்டது" என்று வரும் 116ஆம் சங்கீதம் அங்கே சொல்லப்படுகிறது. பிழைத்து வந்தவள் அவள், நன்றியும் அவளுக்காகவே. அந்த முறைப்படி பார்த்தால், நீங்கள் தயங்காமல் முன்னே போய் முழங்காற்படியிட வேண்டியவர்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தின் நான்காம் ஞாயிறைத் தாய்மார் ஞாயிறாக இங்கிலாந்துச் சபை அனுசரிக்கிறது. அதே ஜெபப் புத்தகம் அந்த நாளுக்குக் குறித்திருக்கும் நிருப வாசகம், பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரம். மேலான எருசலேமே நம்மெல்லாருக்கும் தாய் என்று சொன்ன கையோடு, அடுத்த வசனத்திலேயே பவுல், "பிள்ளைபெறாத மலடியே மகிழ்ந்திரு" என்ற ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கை எடுத்துக்கொள்கிறார். தாய்மாருக்கான நாளில் பிள்ளையில்லாதவளை வெளியே நிறுத்தும் வழக்கம் இந்த வாசகத்தோடு எப்படிப் பொருந்தும்?

உங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயில் பணிக்கு விடப்பட்ட சிறுமி ஒருத்தி 1901இல் தப்பி வந்து அடைக்கலம் கேட்டது முதல், 1951இல் தாம் இறக்கும்வரை நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். அவர்கள் எல்லாரும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். அவர் யாரையும் பெற்றவர் அல்லர்.

நிறுத்தச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடியுமுன் எழுந்து பீடித் தட்டோடு உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த எத்தனையோ பெண்களுக்கு, ஊரறிய ஒருவர் நன்றி சொல்லும் ஒரே நாள் அந்த ஞாயிறாக இருக்கக்கூடும். அதை அவர்களிடமிருந்து எடுத்துவிடுவது நியாயமாகாது. நான் ஒத்துக்கொள்ளாதது, மூத்த தாய்க்குப் பரிசு, அதிகப் பிள்ளை பெற்றவருக்குப் பொன்னாடை என்று சில சபைகள் சேர்த்துக்கொண்டிருக்கும் போட்டியைத்தான். ஆசீர்வாதம் ஜெபம், அதில் முதலிடம் இரண்டாமிடம் ஏது?

சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டி கூடுமுன் குருவானவரிடம் பேசுங்கள். பூவை ஆலய வாசலிலேயே எல்லாப் பெண்களுக்கும் பிள்ளைகள் கொடுக்கட்டும். பரிந்துரை ஜெபத்தில், பிள்ளையை இழந்தவர்களையும், பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களையும், தாயை இழந்தவர்களையும் பெயர் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளட்டும். முன்னே வர விரும்புகிறவர்கள் வரலாம் என்று மட்டும் அறிவித்தால் போதும். யார் தாய் என்று பக்கத்து இருக்கையில் இருப்பவர் தீர்மானிக்கும் நிலை அதோடு போய்விடும். பிள்ளை உள்ளவர்கள் மட்டும் என்ற நிபந்தனை அறிவிப்பில் எப்போதாவது இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருந்திராது.