தென் கொரியாவுக்கு ஏன் இன்னொரு உறுதிமொழி?

அமெரிக்காவின் அணு ஆயுதக் குடை, அதாவது தென் கொரியா தாக்கப்பட்டால் தன் அணு ஆயுதங்களைக் கொண்டும் காப்போம் என்ற வாக்குறுதி, ஏற்கெனவே இருக்கும்போது, அதையே உறுதிப்படுத்தி இரு நாடுகளும் வெளியிட்ட 2023 வாஷிங்டன் பிரகடனம் எதற்கு என்ற இடத்தில் உங்கள் கட்டுரை நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சியோலின் பயத்திலிருந்து தொடங்குங்கள். வட கொரிய ஏவுகணை அமெரிக்க நகரங்களையே எட்டும் என்றால், சியோலுக்காக அமெரிக்கர்கள் தங்கள் ஊரைப் பணயம் வைப்பார்களா?

சந்தேகம் பழசுதான். 1970களில் அமெரிக்கா ஒரு படைப்பிரிவைத் திரும்ப அழைத்ததும் அப்போதைய தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ ரகசியமாக அணுகுண்டுத் திட்டம் தொடங்கினார். அமெரிக்கா நெருக்கியது, 1975இல் தென் கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்தது, திட்டமும் அப்புறம் கைவிடப்பட்டது.

2023இல் கிடைத்தது, அணு ஆயுதம் பற்றி இரு நாடுகளும் பேச ஒரு கலந்தாலோசனைக் குழு. ஜூலையில் பூசான் துறைமுகத்துக்கு அணு ஏவுகணைகளைச் சுமக்கக்கூடிய அமெரிக்காவின் கென்டக்கி நீர்மூழ்கியும் வந்தது. ஆனால் அணு ஆயுதத்தை ஏவும் முடிவு இன்னும் அமெரிக்க அதிபரிடம்தான். இதைக் கட்டாயம் எழுதுங்கள்.