புல்தரைக்கு எதை வாங்குவது, எப்போது வாங்குவது?

கேள்வி: வீட்டு முன்புறம் சின்னதாகப் புல்தரை இருக்கிறது. பருவத்துக்கு ஒரு பை வீதம் நான்கு உரப் பைகளை 'ஆண்டுத் தொகுப்பு' என்று சேர்த்து விற்கிறார்கள். ஒரேயடியாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்களிடம் இருப்பது எந்தப் புல் என்று தெரியாமல் வாங்காதீர்கள். புல்தரைக்குப் போடும் புற்களில் பெரும் பிரிவு இரண்டு. அருகம்புல், ஜோய்சியா போன்றவை வெயிலை விரும்புபவை. 27 முதல் 35 டிகிரி வரையான வெப்பத்தில் நன்றாக வளரும், குளிர் வந்தால் பழுப்பாகி உறங்கிவிடும். ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் போன்றவை குளிர்ச்சியை விரும்புபவை. அவற்றுக்கு 15 முதல் 24 டிகிரிதான் ஏற்றது, கடும் கோடையில் சோர்ந்து போகும்.

புல் வளரும்போதுதான் அதற்கு உரம் வேண்டும். முதல் வகைக்கு வசந்தத்தின் பின்பகுதியும் கோடையும்; இரண்டாம் வகைக்கு முக்கியமாக இலையுதிர் காலம், கொஞ்சம் வசந்தத்தில். எல்லோருக்கும் ஒரே தொகுப்பு என்றால், உங்கள் புல் உறங்கும் நேரத்தில் போடச் சொல்லும் பை ஒன்றாவது அதில் இருக்க வாய்ப்பு அதிகம். உறங்கும் புல் உரத்தை எடுத்துக்கொள்ளாது. அது மழையில் கரைந்து ஓடைக்கும் குளத்துக்கும் போய்ப் பாசியைத்தான் வளர்க்கும். காசு போவதோடு தண்ணீரும் கெடுகிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தொகுப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் அதை மறுபடி வாங்கத் தேவையில்லை. மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பும் அப்படித்தான். மண்ணின் கார அமில அளவு (pH) 6-க்கும் 7-க்கும் இடையே இருந்தால் பெரும்பாலான புற்களுக்கு அதுவே நல்லது.

கேள்வி: இரண்டு உர மூட்டைகள், இரண்டும் 20 கிலோ. ஒன்றில் 10-10-10 என்றும், ஒன்றரை மடங்கு விலையுள்ள மற்றதில் 25-0-5 என்றும் போட்டிருக்கிறது. எது லாபம்?

பதில்: அந்த மூன்று எண்களும் வரிசையாகத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றின் எடை சதவீதம். முதல் மூட்டையில் தழைச்சத்து 2 கிலோ, இரண்டாவதில் 5 கிலோ. ஒன்றரை மடங்கு விலைக்கு இரண்டரை மடங்கு தழைச்சத்து கிடைக்கிறது. மண் பரிசோதனையில் மணிச்சத்துக் குறைவு என்று வராவிட்டால் இரண்டாவதே லாபம். மூட்டை விலையைப் பார்க்காமல், ஒரு கிலோ தழைச்சத்து என்ன விலைக்கு வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு தடவைக்கு 100 சதுர மீட்டருக்குச் சுமார் அரை கிலோ தழைச்சத்து போதும். இரண்டாவது மூட்டையில் அது வெறும் 2 கிலோ உரம். கை தாராளமாக அள்ளிப் போட்டால் புல் கருகும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், அதனால் மலிவு. ஆனால் உடனே கரைந்துவிடும். அளவு தவறினால் சுட்டுவிடும், போட்ட கையோடு தண்ணீரும் விட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் மெதுவாகக் கரையும் தழைச்சத்து கலந்த உரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். எவ்வளவு பங்கு மெதுவாகக் கரையும் என்பது லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒன்று: இரும்புச்சத்து சேர்த்த உரம் சிமெண்ட் தரையில் விழுந்தால் துருக்கறை பிடிக்கும். உடனே கூட்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புல்வெட்டும் இயந்திரம் வாங்க வேண்டும். உருளை வகையா, விசிறிபோல் சுழலும் பிளேடு வகையா?

பதில்: புல்லை எவ்வளவு உயரத்தில் வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உருளை வகை கத்தரிக்கோல் போல இரண்டு விளிம்புகளுக்கு நடுவே நறுக்கும். 2 முதல் 4 சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கும் அருகம்புல்லுக்கு, தரை சமமாகவும் இருந்தால், இதுவே அழகாக வெட்டும். உயர்ந்த புல்லிலும் மேடுபள்ளத்திலும் திணறும். ஃபெஸ்க்யூவை 6 முதல் 9 சென்டிமீட்டர் வரை விடவேண்டும். அதற்குச் சுழல் பிளேடுதான் சரி.

எதை வாங்கினாலும் வெட்டும் உயரத்தைச் சுலபமாக மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். கோடையிலும் நிழல் பகுதியிலும் உயரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வெட்டிய நுனி வெளுத்துக் கந்தலாகத் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். புது இயந்திரம் வேண்டாம், சாணை பிடித்தால் போதும். வெட்டிய புல்லைச் சேகரிக்கும் பைக்குக் கூடுதல் பணம் கேட்டால் தயங்காமல் விட்டுவிடுங்கள். சின்னத் துணுக்குகள் தரையிலேயே மக்கி, தழைச்சத்தைத் திருப்பித் தரும்.

கேள்வி: மழையில்லாத மாதங்களில் புல் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டது, பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் புல்தரை போடுபவர்.

பதில்: அவசரப்பட வேண்டாம். ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுங்கள். கையோடு வராமல் உறுதியாக நின்றால், மண்ணை ஒட்டிய அடிப்பகுதி வெளிர் நிறமாகவோ பச்சையாகவோ இருந்தால், அது உறங்குகிறது. ஒரு சிறு பகுதிக்கு மட்டும் ஒன்றிரண்டு வாரம் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வளரும் காலத்தில் வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் தண்ணீர், மழையையும் சேர்த்து, பெரும்பாலும் போதும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 100 சதுர மீட்டருக்கு 2,500 லிட்டர். சின்ன அளவில்லை, அதனால் வீணாக்கக் கூடாது. தெளிப்பான் ஓடும்போது நேரான சுவருள்ள டப்பாக்கள் சிலவற்றை அங்கங்கே வைத்து, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்று அளந்துகொள்ளுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் வாரத்தில் ஓரிரு முறை ஆழமாக, அதிகாலையில் விடுங்கள். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும். தானியங்கிக் கருவி வாங்குவதானால் மழையை உணர்ந்து நிற்கும் வசதியோடு வாங்குங்கள்.

கேள்வி: மண்ணை இளக்க ஆணி வைத்த செருப்பு விற்கிறார்களே?

பதில்: வாங்காதீர்கள். ஆணி இறங்கும்போது சுற்றியுள்ள மண் இன்னும் இறுகும். மண்ணைக் குழல் குழலாக வெளியே எடுக்கும் கருவிதான் பலன் தரும். புல் வேகமாக வளரும் பருவத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும்.

கேள்வி: வழுக்கை விழுந்த இடங்களில் விதை தூவ நினைக்கிறேன். களை முளைக்காமல் தடுக்கும் மருந்து கலந்த உரமும் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

பதில்: கூடாது. முளைப்பைத் தடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் புல் விதையையும் சேர்த்தே தடுக்கும். இரண்டுக்கும் எத்தனை வாரம் இடைவெளி வேண்டும் என்பது மருந்தின் லேபிளில் இருக்கும். அதன்படி இந்தப் பருவத்துக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிரிக்காத பை என்றால் உரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

விதைப் பையில் புறத்தூய்மை (எடையில் எவ்வளவு பங்கு அந்தப் புல்லின் விதை என்பது), முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி மூன்றையும் பாருங்கள். தூய்மை 90, முளைப்புத்திறன் 80 சதவீதம் என்றால் உண்மையில் உயிருள்ள விதை 72 சதவீதம்தான். பூச்சுப் பூசிய விதையில் எடையின் பெரும்பங்கு பூச்சாகவே இருக்கலாம். தேதி பழையதாக இருந்தால் தள்ளுபடி விலைக்கும் வேண்டாம்.