பெரியாஸ்பத்திரி மாத்திரைக்கு யார் காசு?

கேள்வி: மேலூரில் டீக்கடை வைத்திருக்கிறேன். எச்.ஐ.வி. இருக்கிறது என்று தனியார் லேப்பில் சொல்லிவிட்டார்கள். ஆயுசுக்கும் மாத்திரை என்றால் கடையை விற்க வேண்டியதுதானா? (பெயர் வேண்டாம்)

பதில்: கடை பாட்டுக்கு நடக்கட்டும், தம்பி. லேப் சீட்டு ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை இருக்கும், அங்கே போங்கள். மூன்று வேறு வேறு பரிசோதனைக் கிட்டில் ரத்தத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். காசு கிடையாது.

உறுதியானால் மதுரை ராஜாஜி மருத்துவமனை ஏ.ஆர்.டி. மையம், அதாவது எச்.ஐ.வி.க்கு மாத்திரை தரும் இடம். மாத்திரை, வைரஸ் அளவு பார்க்கும் பரிசோதனை எல்லாம் இலவசம். செலவு அரசாங்கத்துடையது. 2000 வாக்கில் இந்தச் சிகிச்சைக்கு ஒருவருக்கு வருடம் 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001-இல் நம்மூர் மருந்துக் கம்பெனி சிப்லா அதையே 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. அப்புறம்தான் விலை சரிந்தது. 2004 ஏப்ரல் முதல் நம் நாட்டில் அரசு இலவசமாகத் தர ஆரம்பித்தது. இப்போது பெரும்பாலோருக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று.

நான் ஆலோசகராக உட்கார்ந்திருந்த காலத்தில் கேட்ட புலம்பல் மாத்திரையைப் பற்றியதல்ல. பஸ் காசும் போன ஒருநாள் கூலியும்தான். உடம்பு நிலையானதும் இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்களா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா? ரகசியம் காக்க 2017 சட்டமே இருக்கிறது. சந்தேகம் என்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் போடுங்கள், அதுவும் இலவசம்தான்.