கோல்ஃபில் கேடி எங்கே நிற்க வேண்டும்?

சேலத்திலிருந்து முதல்முறையாக மகனுக்கு கேடியாக, அதாவது அவனுடைய மட்டைப் பையைச் சுமந்து யோசனை சொல்லும் துணையாளராகப் போகிறீர்கள். அவன் ஆட்டம் மெதுவாக இருக்கிறது, எங்கே நிற்பதென்றும் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

சார், நிற்கும் இடம்தான் முதலில். அவன் கால் ஊன்றத் தொடங்கியதிலிருந்து அடித்து முடிக்கும்வரை பந்துக்குப் பின்னால், அடிக்கும் கோட்டின் நேரே நிற்காதீர்கள். ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) 2 ஸ்ட்ரோக், அதாவது 2 அடி, தண்டம். 2019-ல் துபாயில் சீன வீரர் ஹாவோடோங் லீ கடைசிக் குழியில் இதில்தான் மாட்டினார். தவறி நின்றுவிட்டால், அடிக்கும் முன்பே அவன் விலகி, நீங்கள் நகர்ந்தபின் மறுபடி கால் ஊன்றட்டும்; தண்டம் கிடையாது.

அடுத்தது வேகம். ஓர் அடிக்கு விதிப்புத்தகம் பரிந்துரைப்பது 40 வினாடி. மற்றவர் அடிக்கும்போதே தூரம், காற்று பார்த்து, எந்த கிளப் (மட்டை) என்பது முடிவாகிவிட வேண்டும். (ஏற்காடு வளைவில் லாரிக்குப் பின்னால் மாட்டியவருக்கு, உங்களுக்குப் பின்னால் ஆடிவரும் குழுவின் எரிச்சல் புரியும்.) கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தளத்தில்) பந்து இருக்கும் இடத்தை அடையாளமிட்டு அதை நீங்களே எடுக்கலாம், அவனைக் கேட்க வேண்டாம். அவன் எடுத்த பந்தை மட்டும் நீங்கள் திரும்ப வைக்காதீர்கள். காணாமல்போன பந்தைத் தேட 3 நிமிடம்தான்.