பாஸ் இருந்தும் லூவ்ருக்குள் போக முடியவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கோவையில் மோட்டார் பம்ப் பட்டறை நடத்தும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"மனைவி, 16 வயது மகள், 11 வயது மகனோடு பாரிஸ் போனோம். இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் மூன்று நாள் சுற்றுலா பாஸ் நான்கு வாங்கினேன். விலையை ரூபாயிலேயே காட்டினார்கள். மகளுக்கும் பெரியவர்கள் விலை. மொத்தம் 560 யூரோ, கார்டில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. 'வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே' என்று போட்டு, லூவ்ர் அருங்காட்சியகத்தின் படத்தைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். ஞாயிறு மாலை 4 மணிக்குப் படகுச் சவாரிக்குப் பாஸைக் காட்டினோம். அதோடு முதல் நாள் முடிந்தது என்று பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை லூவ்ருக்குப் போனால், பாஸ் இருந்தாலும் தனியாக நேரம் பதிவு செய்திருக்க வேண்டுமாம், அன்றைக்கு எல்லாம் நிரம்பிவிட்டதாம். செவ்வாய் லூவ்ருக்கு விடுமுறை. வாசலிலேயே இன்னொரு விஷயம் தெரிந்தது: 18 வயதுக்குக் கீழே யாருக்கும் அங்கே கட்டணமே இல்லை. ஊர் திரும்பிப் பணம் கேட்டேன். 'பாஸ் திரும்பப் பெறத்தக்கதல்ல, நேரப் பதிவு அருங்காட்சியகத்தின் பொறுப்பு' என்று ஒரே வரியில் பதில். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மச்சான், ஐரோப்பாவில் இணையத்தில் எதை வாங்கினாலும் 14 நாளில் திருப்பலாம் என்கிறார். அது எனக்குப் பொருந்துமா? கோவையிலேயே வழக்குப் போட முடியுமா? முழுப் பணமும் வருமா? திரும்பி வந்து ஏழு வாரம் ஆகிறது."

ஐயா, நீங்கள் கடைசியில் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஏழு வாரம் என்றால் 49 நாள். கிரெடிட் கார்டில் செலுத்திய தொகையை வங்கி வழியாக மறுத்துத் திரும்பக் கேட்க ஒரு வழி உண்டு. அதற்குக் கார்டு நிறுவனங்கள் பொதுவாக 120 நாள் கெடு வைக்கின்றன, உங்கள் வங்கி அதற்கும் குறைவாக வைத்திருக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. ஆகவே வழக்கைப் பற்றி யோசிக்கும் முன், இந்த வாரமே வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்.

எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனம். 'நான் ரத்து செய்தேன், பணம் தரவில்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் தோற்றுவிடுவீர்கள். திரும்பப் பெறத்தக்கதல்ல என்ற நிபந்தனையை அவர்கள் நீட்டுவார்கள், வங்கியும் கோப்பை மூடிவிடும். நீங்கள் எதையும் ரத்து செய்யவில்லையே! 'விவரித்தபடி சேவை கிடைக்கவில்லை' என்பதுதான் உங்கள் காரணம். விளம்பரத்தில் இருந்த வாசகம் இது, வாசலில் நடந்தது இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, காரணம் சொல்லாமல் தட்டிக் கழித்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்.

சரி, மச்சான் சொன்ன 14 நாளுக்கு வருவோம். அவர் சொன்னது பாதி சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிப்படி, இணையத்தில் செய்த ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். ஆனால் அதே விதியின் 16-ஆவது பிரிவு, குறிப்பிட்ட தேதிக்கோ காலத்துக்கோ விற்கப்படும் பொழுதுபோக்குச் சேவைகளை விலக்கி வைத்திருக்கிறது. இன்ன தேதி, இன்ன மணி என்று வாங்கிய டிக்கெட்டுக்கு 14 நாள் கிடையாது. உங்களுடையதைப் போல எந்தத் தேதியும் குறிக்காமல், முதலில் பயன்படுத்தும் நாளிலிருந்து ஓடத் தொடங்கும் பாஸ் அந்த விலக்குக்குள் வருமா என்பது வாதத்துக்கு இடமுள்ள கேள்வி. வராது என்று வாதாட எனக்குத் தயக்கமில்லை. அந்த உரிமை இருக்கிறது என்பதையே விற்பவர் சொல்லாமல் விட்டிருந்தால், கெடு 12 மாதம் நீள்கிறது என்றும் விதி சொல்கிறது.

ஆனாலும் இதை உங்கள் முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம். பாஸை வாங்கி 14 நாள் எப்போதோ தாண்டிவிட்டது, பாஸில் ஒரு பகுதியைப் பயன்படுத்தியும் விட்டீர்கள். நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்பதால் அங்கே உள்ள சில வசதிகளும் கிடைக்காது. ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் ஒன்றிய நாடுகள், நார்வே, ஐஸ்லாந்து ஆகிய இடங்களில் வசிப்போருக்காக இருப்பவை. 5,000 யூரோ வரையிலான எல்லை கடந்த சிறு வழக்கு முறைக்கு, ஒரு தரப்பாவது நீதிமன்றம் இருக்கும் நாட்டை விட்டு வேறோர் ஒன்றிய நாட்டில் வசிக்க வேண்டும். பலர் இன்னும் பரிந்துரைக்கும் ஒன்றியத்தின் இணையவழித் தகராறு தீர்வுத் தளத்தை 2025 ஜூலை 20-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். இதே பாஸை ஸ்டுட்கார்ட்டில் இருந்து மச்சான் தன் பெயரில், தன் கார்டில் வாங்கியிருந்தால், விற்றவர் வேறோர் ஒன்றிய நாட்டுக்காரராக இருக்கும்போது, மையமும் சிறு வழக்கும் அவருக்குத் திறந்திருக்கும். ஐரோப்பாவில் உறவினர் உள்ள மற்ற வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வழக்கின் உயிர் வேறொரு இடத்தில் இருக்கிறது. பணம் கட்டும் முன் உங்களிடம் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. அதனால் உங்கள் குறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பலம் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடுமுறையை விட்டுவிடுங்கள். லூவ்ர் செவ்வாய் மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் மூடியிருக்கும். இது பல காலமாக எல்லோரும் அறிந்தது, அந்த அருங்காட்சியகங்களின் தளத்திலேயே இருக்கிறது. இதைப் புகாரில் சேர்த்தால் மற்ற குறைகளின் கனம் குறையும்.

மூன்று நாள் கணக்கு நடுத்தரம். நாள் என்றால் நாட்காட்டி நாள் என்று விற்கும் பக்கத்தில் தெளிவாக இருந்ததா? இருந்தால் அதோடு சரி. நிபந்தனைகளின் பதினேழாவது பத்தியில் மட்டும் இருந்தால் உங்களுக்குப் பேச இடம் உண்டு. இன்று பாரிஸ் மியூசியம் பாஸ் 48, 96, 144 மணி நேரம் என்றும், ரோமா பாஸ் 48, 72 மணி நேரம் என்றும், ஆம்ஸ்டர்டாம் நகர அட்டை 24 முதல் 120 மணி நேரம் என்றும் மணிக்கணக்கில்தான் விற்கப்படுகின்றன. ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கினால் புதன் மாலை வரை போகும் என்று நீங்கள் நினைத்ததில் தவறில்லை என்பதற்கு இவையே நல்ல உதாரணம்.

லூவ்ர் நேரப் பதிவு பலமான குறை. நேரம் ஒதுக்குவது அருங்காட்சியகம்தான், அந்த நிறுவனம் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் பதிவில்லாமல் பாஸ் செல்லாது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் 'வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே' என்று எழுதி, பதிவு பற்றிய குறிப்பைப் பணம் வாங்கிய பிறகு வரும் மின்னஞ்சலில் போட்டால், அதற்கு முழுப் பொறுப்பும் அவர்களுடையது. நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வேண்டுமென்றே தேவையான தகவலை மறைப்பதைச் 'சேவைக் குறைபாடு' என்ற சொல்லின் விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. முக்கியத் தகவலை மறைக்கும் விளம்பரம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றும் சொல்கிறது. ஐரோப்பாவின் 2005-ஆம் ஆண்டு நியாயமற்ற வணிக நடைமுறை விதியும் அப்படி விட்டுவிடுவதையே தவறு என்கிறது. புகழ்பெற்ற இடங்களின் நுழைவை வைத்துச் செய்யும் வியாபாரத்தை அங்கே உள்ளவர்களும் சும்மா விடவில்லை. ரோம் கொலோசியத்தின் டிக்கெட்டுகள் சாதாரண மக்களுக்குக் கிடைக்காமல் போனது தொடர்பாக, 2025 ஏப்ரலில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் டிக்கெட் விற்பனையை நடத்திய நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் போட்டது. அது வேறு வகைத் தவறுதான். உங்கள் ஒற்றைப் புகாரை அற்பமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு மனது பொறுக்காதது பிள்ளைகளின் பாஸ். லூவ்ர், ஓர்சே, வெர்சாய், வெற்றி வளைவு ஆகிய இடங்களில் 18 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும். லூவ்ருக்கு அவர்களுக்கும் நேரச் சீட்டு எடுக்க வேண்டும், ஆனால் அதன் விலை பூஜ்யம். 16 வயதுப் பெண்ணுக்கு 160 யூரோ வாங்கிக்கொண்டு, அதன் மதிப்பில் இந்த அருங்காட்சியகங்களையே பெரிதாகக் காட்டியிருந்தால், அது ஒரு தகப்பனின் அறியாமையைக் காசாக்கியது என்றுதான் நான் எழுதுவேன். படகும் பேருந்தும் அந்தப் பாஸில் இருந்தனவே என்று அவர்கள் பதில் சொல்வார்கள், அதற்குரிய தொகையை விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

இதிலிருந்தே முழுப் பணம் கேட்கலாமா என்பதற்கும் பதில் வந்துவிடுகிறது. கேட்க வேண்டாம். நான்கு பேரும் உண்மையில் பார்த்த இடங்களுக்கு அன்றைய வாசல் விலை எவ்வளவு என்று எடுங்கள். படகுக்கும் பேருந்துக்கும் முழு விலை, அருங்காட்சியகங்களில் பிள்ளைகளுக்குப் பூஜ்யம். அந்தக் கூட்டுத்தொகையை 560-இல் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் கோரிக்கை. இப்படிக் கணக்குக் காட்டுபவரை வங்கியும் நம்பும், ஆணையமும் நம்பும். கேட்கும்போது யூரோவில் கேட்காமல், கார்டு அறிக்கையில் ஏறிய ரூபாய்க் கணக்கில் கேளுங்கள். நாணய மாற்றுக் கட்டணமும் அதன் மீதான ஜிஎஸ்டியும் உங்கள் கையிலிருந்து போனவைதானே. மன உளைச்சலுக்குத் தனியாகக் கேட்கலாம். எவ்வளவு என்பது ஆணையத்தின் விருப்பம். சின்னத் தொகையாகக் கேட்பதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

கோவையில் வழக்குப் போட முடியுமா? முடியும். 2019 சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய இடம் தருகிறது. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு, கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். 2020 மின்வணிக விதிகள், இந்தியாவில் அலுவலகம் இல்லாவிட்டாலும் இங்குள்ள நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். உங்கள் போனுக்கு விளம்பரம் அனுப்பி, ரூபாயில் விலை காட்டியவர்கள் 'நாங்கள் இந்தியாவுக்கு விற்கவில்லை' என்று சொல்வது கடினம். அதே விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே முதலில் அவர்களுக்கு முறையான புகார் ஒன்று மின்னஞ்சலில் போகட்டும். விற்றது பிரெஞ்சு நிறுவனம் என்றால், நிபந்தனைகளில் நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைக்கும் நுகர்வோர் சமரசர் ஒருவரின் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். அதையும் தேடிப் பாருங்கள்.

இங்கே ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. உத்தரவு வாங்குவது ஒன்று, பணம் வசூலிப்பது இன்னொன்று. அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் அலுவலகமோ சொத்தோ இல்லையென்றால், ஆணையத்தின் உத்தரவை ஐரோப்பாவில் நிறைவேற்ற அங்கே தனி வழக்கு வேண்டும். உங்கள் தொகைக்கு அது கட்டாது. அதனால்தான் வங்கி வழியை முதலில் வைத்தேன். இடையில் இந்திய முகவரோ செயலியோ இருந்து பணம் அவர்கள் கணக்குக்குப் போயிருந்தால் நிலைமையே வேறு. அப்போது தயங்காமல் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். கார்டு அறிக்கையில் பணம் பெற்றவர் பெயர் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

அந்தக் கார்டு உங்களுடையதா, பட்டறையினுடையதா என்பதும் முக்கியம். பட்டறைக் கணக்கில் எழுதியிருந்தால், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு கிளப்பும். குடும்பப் பயணம் என்று நிரூபிக்கலாம், ஆனால் வீண் வேலை. சொந்தக் கார்டு என்றால் இந்தக் கவலை இல்லை.

அப்புறம் ஆதாரம். வாங்கும்போது விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து வைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இணையக் காப்பகத் தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டால் பழைய பதிவு கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால் தேதியோடு சேமியுங்கள். உறுதி மின்னஞ்சல், பணம் போன நேரம், அதன் பிறகு நேரப் பதிவு பற்றி மின்னஞ்சல் வந்திருந்தால் அதன் நேரம், இந்த மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். பணம் போன பிறகுதான் நிபந்தனை வந்தது என்றால், அதை அந்தத் தாளே சொல்லிவிடும். ஆணையத்துக்குப் போகும்போது மின்னணு ஆவணங்களோடு, அவை எப்படி எடுக்கப்பட்டன என்று உறுதி கூறும், 2023 பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழையும் வைத்துவிடுவது நல்லது. பிள்ளைகள் இருவரின் பாஸ்போர்ட் நகலையும் மறக்காமல் சேருங்கள். மகளுக்கு அன்று 16 வயதுதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.